பொது நிதியும் சுதந்திரக் கலையும்: வியன்னா உணர்த்தும் பாடம்

அரசாங்கத்தின் பணத்தைப் பெற்றுக்கொண்டு அரசாங்கத்தையே விமர்சிக்கலாமா? கலைக்கும் பண்பாட்டுக்கும் பொது நிதி ஒதுக்கப்படும் நாடுகளில் காலத்துக்குக் காலம் எழுப்பப்படும் வினா இது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று போதிக்கப்பட்டு வளர்ந்த எம்மைப் போன்றவர்களுக்கு, இவ்வினாவில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகவே முதற்பார்வையில் தோன்றும். ஆனால், இங்கு உப்பிட்டவர் யார் என்று சற்று நிதானித்துக் கேட்டால் வினாவின் உருவமே மாறிவிடுகின்றது. அமைச்சர்கள் தமது சட்டைப்பையிலிருந்து எவருக்கும் எதனையும் கொடுப்பதில்லை. வரி செலுத்தும் மக்களின் பணத்துக்கு அவர்கள் சில ஆண்டுகளுக்குப் பொறுப்பாளர்கள் மாத்திரமே. அந்த மக்களுள் ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவரும் உளர், வாக்களியாதவரும் உளர்.

இவ்வினா அண்மைக் காலத்தில் ஐரோப்பாவில் மீண்டும் உரத்து ஒலிக்கத் தொடங்கியுள்ளது. ஸ்லோவாக்கியாவில் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தேசிய அரங்கின் தலைவரும் தேசிய ஓவியக் கூடத்தின் தலைவரும் அடுத்தடுத்த நாட்களில் கலாசார அமைச்சரினால் பதவி நீக்கப்பட்டனர். பல்லாயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். அதே ஆண்டில், கலைகளுக்கு நிதி வழங்கும் பொது நிதியத்தின் சட்டமும் திருத்தப்பட்டு, அதன் நிருவாக சபையில் அமைச்சின் பிடி இறுக்கப்பட்டது. பெரிய அரங்குகளுக்கும் ஓவியக் கூடங்களுக்கும் நேர்ந்தவை உலகின் கவனத்தை ஈர்த்தன. ஆனால் இவ்வாறான காலங்களில் முதலில் அடிவாங்குபவை பெரும்பாலும் சிறிய, சுதந்திரமான நிலையங்களே. அவற்றுள்ளும் ஊடகக் கலை நிலையங்கள் எனப்படுபவை தனித்த கவனத்துக்குரியவை. அவற்றின் கதையை அறிவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முந்திய வியன்னா நகரத்தை நாம் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஊடகக் கலை நிலையம் என்றால் என்ன?

ஓவியருக்குத் தூரிகையும் சிற்பிக்கு உளியும் சொந்தமாகவே இருக்கும். ஆனால் ஒளியையும் ஒலியையும் மின்னணுக் கருவிகளையும் கொண்டு படைக்க விரும்பும் கலைஞனின் நிலைமை வேறு. 1960களின் பிற்பகுதியில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய வீடியோ கமராக்கள் விற்பனைக்கு வந்தபோது, அதுவரை தொலைக்காட்சி நிலையங்களுக்கே உரித்தாயிருந்த ஒரு வல்லமை தனிமனிதர் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. எனினும் கமராவின் விலையும், பதிவைத் தொகுக்கும் கருவிகளின் விலையும் ஓர் இளம் கலைஞனால் நினைத்தும் பார்க்க முடியாதவை. ஆகவே கருவிகளைப் பொதுவில் வைத்து, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, படைப்புகளைக் காட்சிப்படுத்தி, அவற்றைப் பாதுகாக்கவும் செய்யும் நிலையங்கள் தோன்றின. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் 1978இல் ரெனே குல்ஹோ என்பவர் தொடங்கிய 'மொன்ரேவீடியோ' இவ்வகை முன்னோடிகளுள் ஒன்று.

1990களில் இணையம் பரவத் தொடங்கியபோது இத்தேவை இன்னொரு வடிவத்தில் எழுந்தது. இணைய இணைப்பு என்பது பல்கலைக்கழகங்களுக்கும் பெரும் நிறுவனங்களுக்கும் மட்டுமே வாய்த்த காலம் அது. கலைஞர்களுக்கும் சிறுபான்மைக் குழுக்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் இணையத்தில் ஓர் இடம் பெற்றுக்கொடுக்கும் பணியைச் சில நிலையங்கள் ஏற்றுக்கொண்டன. நூலகம் ஒன்று நூல் வாங்க இயலாதவருக்கு எதனைச் செய்கின்றதோ, அதனையே இந்நிலையங்கள் புதிய ஊடகத்தில் செய்தன. இத்துடன் அவை நின்றுவிடவில்லை. இந்தத் தொழில்நுட்பத்தை யார் கட்டுப்படுத்துகின்றார்கள், தனிமனிதரைப் பற்றிய தகவல்கள் யாரிடம் சேர்கின்றன, கண்காணிப்பின் எல்லை எது என்ற கேள்விகளையும் அவை எழுப்பின. இன்று நாளாந்தப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்துவிட்ட இக்கேள்விகளை, எவரும் பொருட்படுத்தாத காலத்தில் எழுப்பியவர்கள் அவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வியன்னாவில் நடந்தது

வியன்னாவின் 'பப்ளிக் நெற்பேஸ்' இவ்வாறான ஒரு நிலையம். கொன்ராட் பெக்கர், பிரான்சிஸ்கோ டி சூசா வெபர் ஆகிய இருவரும் 1994இல் இதனைத் தொடங்கினர். நகரின் மையத்தில், பேரரசர் காலத்துக் குதிரை லாயங்களாக இருந்து பின்னர் வர்த்தகக் கண்காட்சி வளாகமாகப் பயன்பட்ட பழைய கட்டடத் தொகுதியில் அது இயங்கியது. நூற்றுக்கணக்கான கலைஞர்களும் பண்பாட்டு அமைப்புகளும் தமது இணையத்தளங்களை அதன் கணினிகளிலேயே வைத்திருந்தனர். விரிவுரைகள், பயிற்சிப் பட்டறைகள், கண்காட்சிகள் ஆகியனவும் இடம்பெற்றன. கூட்டாட்சி அரசாங்கமும் வியன்னா நகர நிருவாகமும் நிதியுதவி வழங்கின.

முதலாவது தாக்குதல் 1998இல் வந்தது. பாலியலும் இணையமும் பற்றி அந்நிலையம் நடத்திய நிகழ்ச்சியைக் காரணங்காட்டி, ஜோர்க் ஹைடர் தலைமையிலான தீவிர வலதுசாரிச் சுதந்திரக் கட்சி, மக்களின் வரிப்பணம் ஆபாசத்துக்குச் செலவிடப்படுகின்றது என்று கூக்குரல் எழுப்பியது. அப்போது அக்கட்சி எதிர்க்கட்சியாக இருந்தது. ஆகவே கூக்குரல் கூக்குரலாகவே முடிந்தது.

நிலைமை 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி மாறியது. வொல்ப்காங் ஷூசெல் தலைமையில் மக்கள் கட்சியும் சுதந்திரக் கட்சியும் இணைந்து கூட்டரசாங்கம் அமைத்தன. வெளியே ஆர்ப்பாட்டக்காரர் திரண்டிருந்தமையால் புதிய அமைச்சர்கள் நிலத்தடி வழியாகவே பதவியேற்பு வைபவத்துக்குச் செல்ல நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏனைய 14 நாடுகளும் ஒஸ்திரியாவுடனான இராஜதந்திர உறவுகளை மட்டுப்படுத்தின. வியாழக்கிழமை தோறும் வியன்னா வீதிகளில் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடைபெற்றன. பப்ளிக் நெற்பேஸ் நிலையம் இந்த எதிர்ப்பின் மின்னணுத் தளமாகியது. புதிய அரசாங்கத்துக்கு எதிரான கலைஞர்களின் ஒன்றியத்துக்கு அது இடமளித்தது. இசையையும் அரசியலையும் இணைத்த வீதி நிகழ்வுகளுக்குத் துணை நின்றது.

அரசாங்கம் எவ்வாறு பதிலளித்தது? அது நிலையத்தைத் தடை செய்யவில்லை. எவரையும் கைது செய்யவில்லை. செய்யவும் முடியாது. கலைப் படைப்பும் அதனைப் பரப்புதலும் கற்பித்தலும் சுதந்திரமானவை என்ற உறுப்புரை 1867ஆம் ஆண்டின் அடிப்படை உரிமைச் சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்டு, ஒஸ்திரியாவின் அரசியலமைப்பின் ஒரு பகுதியாக இருந்தது. ஆகவே வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. கலைக்கும் ஊடகத்துக்கும் பொறுப்பான அரச செயலாளராகப் பிரான்ட்ஸ் மொராக் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் தாமே ஒரு நாடக நடிகர், பாடகர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. கூட்டாட்சி அரசாங்கத்தின் நிதியுதவி வெட்டப்பட்டது. நிலையம் இயங்கிய வளாகம் அக்காலத்தில் பெரும் பொருட்செலவில் அருங்காட்சியக வளாகமாக மாற்றப்பட்டு 2001இல் திறக்கப்பட்டது. அதனை நிருவகித்த கம்பனியின் முக்கால் பங்கு கூட்டாட்சி அரசாங்கத்தினுடையது; கால் பங்கே நகர நிருவாகத்தினுடையது. புனரமைக்கப்பட்ட வளாகத்தில் பழைய குடியிருப்பாளருக்கு இடம் மறுக்கப்பட்டது. 2002இல் நிலையம் வேறிடம் பெயர்ந்தது.

அதன் பின்னரும் அது ஓய்ந்துவிடவில்லை. 2003இல் வியன்னாவின் கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஏனைய சுதந்திர ஊடகக் குழுக்களுடன் சேர்ந்து கூடாரம் அமைத்துத் தனது உரிமைக் குரலை எழுப்பியது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அதே சதுக்கத்தில் இன்னொரு வேடிக்கையான நிகழ்வும் இடம்பெற்றது. புகழ்பெற்ற விளையாட்டுக் காலணி நிறுவனமான நைக், அச்சதுக்கத்தின் பெயரைத் தனது பெயராக மாற்றப்போவதாகவும், தனது சின்னத்தைப் பிரமாண்டமான சிலையாக அங்கு நிறுவப்போவதாகவும் ஒரு கண்ணாடிக் கூடத்தில் அறிவிப்பு வைக்கப்பட்டது. நகரவாசிகள் கொதித்தெழுந்தனர். உண்மையில் அது பப்ளிக் நெற்பேஸும் ஈவா, பிராங்கோ மத்தேஸ் என்ற கலைஞர் இருவரும் இணைந்து அரங்கேற்றிய கலைச் செயற்பாடு. ஒரு நகரத்தின் பொது இடம் யாருக்குச் சொந்தம் என்பதை மக்கள் தாமாகவே வாய்விட்டுக் கேட்கச் செய்வதே அதன் நோக்கம். கம்பனி நீதிமன்றம் சென்றது. ஆனால் வெற்றி பெறவில்லை. ஆயிரம் கட்டுரைகளால் எழுப்ப முடியாத வாதத்தை ஒரு பொய்யறிவிப்புப் பலகை எழுப்பிவிட்டது.

இவ்வளவையும் தாக்குப்பிடித்த நிலையம் 2006இல் மூடப்பட்டது. இறுதி அடி கொடுத்தவர் யார் என்பதுதான் இக்கதையின் கசப்பான பகுதி. நகர நிருவாகம் வலதுசாரிகளின் கையில் இருக்கவில்லை. அது சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. கூட்டாட்சி அரசாங்கத்தின் கலைக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்தவர்களே அங்கு அதிகாரத்தில் இருந்தனர். ஆயினும் நகரம் தனது இணையக் கலை நிதியைப் பகிரும் முறையை மாற்றியது. நிலையான நிறுவனமொன்றைப் பேணுவதற்குப் பதிலாக, கலைஞர்களே தமக்குள் மதிப்பிட்டுப் பகிர்ந்துகொள்ளும் திறந்த முறை ஒன்று கொண்டுவரப்பட்டது. கேட்பதற்கு ஜனநாயகமாகவே இருந்தது. ஆனால் கட்டட வாடகையும் ஊழியர் சம்பளமும் கணினிப் பராமரிப்பும் கொண்ட ஒரு நிலையம் சிறு சிறு திட்டப் பணங்களில் உயிர் வாழ முடியாது. எதிரிகள் மேலிருந்து வெட்டினார்கள். நண்பர்கள் கீழிருந்து பிரித்தார்கள். இரண்டின் விளைவும் ஒன்றாகவே முடிந்தது.

கத்தி தெரியாத வெட்டு

வியன்னாவில் நடந்தது விதிவிலக்கு அன்று. ஜனநாயக நாடுகளில் கலையின் மீதான அரசியல் அழுத்தம் எவ்வாறு இயங்குகின்றது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. தடையுத்தரவு பிறப்பித்தால் உலகம் கண்டிக்கும்; நீதிமன்றம் குறுக்கிடும். ஆனால் குத்தகை புதுப்பிக்கப்படாமை, கொடுப்பனவு தாமதமாதல், மூன்றாண்டு ஒப்பந்தம் ஓராண்டாகச் சுருங்குதல், தகுதி விதிகள் இடைநடுவில் மாறுதல், நிபுணர் குழுவில் புதிய முகங்கள் தோன்றுதல் ஆகியவற்றை எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? ஒவ்வொன்றுக்கும் நிருவாகக் காரணம் ஒன்று தயாராக இருக்கும்.

ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரில் 2020ஆம் ஆண்டு நடந்தது இதற்கு இன்னொரு சான்று. அங்கு முன்னைய யூகோஸ்லாவிய இராணுவத்தின் படைமுகாமொன்றை 1993இல் கலைஞர்களும் இளைஞர்களும் கைப்பற்றிப் பண்பாட்டு வளாகமாக்கினர். மெத்தெல்கோவா என்ற அவ்வளாகத்தை ஒட்டி, கலாசார அமைச்சுக்குச் சொந்தமான கட்டடமொன்றில் சுதந்திரக் கலைக் குழுக்களும் சமாதான ஆய்வு நிறுவனமொன்றும் உட்பட ஏறத்தாழ 18 அமைப்புகள் நெடுங்காலமாக இயங்கி வந்தன. யனேஸ் யான்ஷா தலைமையிலான அரசாங்கத்தின் கலாசார அமைச்சு, 2020 ஒக்டோபரில் அவற்றுக்குக் கடிதம் அனுப்பி, 2021 ஜனவரி இறுதிக்குள் வெளியேறுமாறு பணித்தது. கூறப்பட்ட காரணம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகக் கட்டடத்தைப் புனரமைக்க வேண்டும் என்பதாகும். அருங்காட்சியகம் வேண்டாம் என்று எவர் சொல்வார்? கொரோனாத் தொற்றின் உச்சக்கட்டத்தில், மாற்றிடம் காட்டாது, அரசாங்கத்தை விமர்சித்து வந்தவர்களை வெளியேறச் சொன்னமையே சந்தேகத்தைக் கிளப்பியது. அமைப்புகள் வெளியேற மறுத்து நின்றன. 2022 தேர்தலில் அந்த அரசாங்கம் பதவி இழந்தது.

நெதர்லாந்தில் இது வேறுவிதமாக நடந்தது. 2010இல் பதவிக்கு வந்த மார்க் ருத்தேயின் முதலாவது அரசாங்கம் கீர்ட் வில்டர்ஸின் கட்சியினது வெளி ஆதரவில் தங்கியிருந்தது. கலைகளை இடதுசாரிகளின் பொழுதுபோக்கு என ஏளனஞ் செய்து வந்த கட்சி அது. கலாசாரத்துக்குப் பொறுப்பான அரச செயலாளர் ஹல்பே செயில்ஸ்ரா, கலாசார ஒதுக்கீட்டிலிருந்து 200 மில்லியன் யூரோவை வெட்டும் திட்டத்தை 2011இல் முன்வைத்தார். கலைஞர்கள் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ரொட்டர்டாமிலிருந்து ஹேக் நகர் வரை நடைபயணம் மேற்கொண்டனர். பயனில்லை. புகழ்பெற்ற அருங்காட்சியகங்களும் பெரிய இசைக் குழுக்களும் பெருமளவு தப்பின. சோதனை முயற்சிகளில் ஈடுபட்ட சிறிய நிலையங்களே பலியாகின. 1978இல் தொடங்கிய மொன்ரேவீடியோவின் வழிவந்த நெதர்லாந்து ஊடகக் கலை நிறுவனம், அரச நிதியை இழந்து 2012ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது.

அந்நிறுவனத்திடம் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படைப்புகளின் சேகரிப்பு இருந்தது. ஒளிநாடா என்பது பனையோலையைக் காட்டிலும் நலிந்த பொருள். காந்தப் பூச்சு உதிரும், நாடா ஒட்டிக்கொள்ளும், அதனை இயக்கும் கருவியை உற்பத்தி செய்த தொழிற்சாலையே மூடப்பட்டிருக்கும். காலத்துக்குக் காலம் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இராவிட்டால், ஓர் தலைமுறைக்குள் முழுச் சேகரிப்பும் வெற்று நாடாவாகிவிடும். நெதர்லாந்தில் நல்வாய்ப்பாக, முன்னாள் ஊழியர்கள் சிலர் 2013இல் 'லீமா' என்ற புதிய அமைப்பை நிறுவிச் சேகரிப்பைப் பொறுப்பேற்றனர். எல்லா இடங்களிலும் இந்த நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. ஓவியக் கூடமொன்றை ஐந்தாண்டு மூடிவிட்டுத் திறந்தால் ஓவியங்கள் அங்கேயே இருக்கும். ஊடகக் கலை நிலையமொன்றை ஐந்தாண்டு மூடினால், திறக்கும்போது கருவியும் இயங்காது. கருவியை இயக்கத் தெரிந்தவரும் இருக்கமாட்டார்.

எதிர்வாதங்கள்

இத்தகைய நிலையங்களுக்குப் பொது நிதி வழங்குவதை எதிர்ப்போர் எல்லோரும் தீய நோக்கம் கொண்டவர்கள் என்று நாம் கூறவரவில்லை. அவர்களின் வாதங்கள் நேர்மையான பதிலுக்குரியவை.

முதலாவது வாதம், பெரும்பாலான மக்கள் பார்க்காத, விரும்பாத கலைக்கு அவர்களின் பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்பது. வரிப்பணத்தின் இயல்பே அதுதான் என்பது எமது பதில். பிள்ளைகள் இல்லாதவரின் வரியிலும் பாடசாலை நடைபெறுகின்றது. படிப்பகத்தின் வாசலையே மிதியாதவரின் வரியிலும் நூலகம் நடைபெறுகின்றது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததற்கு மட்டுமே வரி செலுத்துவது என்றால் அது வரியன்று, சந்தை. அன்றியும், இந்நிலையங்களின் பயன் அவற்றின் வாசலுக்கு வருவோருடன் நின்றுவிடுவதில்லை. பப்ளிக் நெற்பேஸ் தொடங்கிய உலகத் தகவல் பற்றிய கண்காட்சித் திட்டம் 2000இல் பிரசெல்ஸில் ஆரம்பித்து, 2005இல் எமது அயலிலுள்ள பெங்களூர் வரை வந்தது. அறிவுச் சொத்துரிமை, நகரம், தகவல் சுதந்திரம் என்பன பற்றித் தெற்காசிய ஆய்வாளர்களும் கலைஞர்களும் அங்கு உரையாடினர். நெதர்லாந்தின் பொது நிதியில் இயங்கிய 'வாக்' நிலையம், டில்லியின் 'சராய்' நிலையத்துடன் கைகோத்திருந்தது. சராய், டில்லியின் உழைக்கும் மக்கள் வாழும் குடியிருப்புகளில் 2001 முதல் சிறிய கணினிக் கூடங்களை அமைப்பதில் பங்கேற்றது. அங்குள்ள இளைஞர்களும் யுவதிகளும் தமது தெருவைப் பற்றித் தாமே எழுதவும் பதிவு செய்யவும் தொடங்கினர். எங்கோ ஓர் ஐரோப்பிய நகரத்தில் ஏற்றப்பட்ட விளக்கின் ஒளி எங்கெல்லாம் விழுகின்றது என்பதை வரவு செலவுத் திட்டத்தின் ஒற்றை வரியில் காண முடியாது.

இரண்டாவது வாதம், நல்ல கலையாயின் சந்தை அதனைக் காப்பாற்றும் என்பது. விற்கக்கூடிய பொருளையே சந்தை காப்பாற்றும். சுவரில் மாட்டக்கூடிய ஓவியம் விற்பனையாகலாம். கண்காணிப்புக் கமராக்கள் எங்கெங்கு உள்ளன என்று காட்டும் வரைபடத்தை யார் வாங்குவார்? அத்துடன், தனியார் அனுசரணைக்கும் அதற்கேயுரிய எல்லைகள் உண்டு. கார்ல்ஸ்பிளாட்ஸில் நிகழ்ந்த கலைச் செயற்பாட்டுக்கு எந்தப் பெரிய கம்பனி அனுசரணை வழங்கியிருக்கும்? அரசின் அழுத்தத்துக்கு மாற்று வணிகத்தின் அழுத்தம் அன்று.

மூன்றாவது வாதமே மிகவும் வலிமையானது. பொது நிதியைப் பெறுபவர்கள் பொதுமக்களுக்குப் பொறுப்புக் கூற வேண்டாமா? நிச்சயமாகக் கூற வேண்டும். ஆனால் எதற்குப் பொறுப்புக் கூறுவது என்பதில் தெளிவு வேண்டும். பணம் எவ்வாறு செலவிடப்பட்டது, கணக்குகள் ஒழுங்காக உள்ளனவா, வாக்களித்த பணி நிறைவேறியதா, வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததா என்பவற்றை எந்தக் கணக்காய்வாளரும் கேட்கலாம். யாரை விமர்சித்தாய் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அக்கேள்வி எழும் கணத்திலேயே பொது நிதி பொது நிதியாக இராது, ஆளுங்கட்சியின் நிதியாகிவிடுகின்றது. இன்று ஆளுங்கட்சியாக இருப்பவர்கள் நாளை எதிர்க்கட்சியாக அமரும்போது, தாம் வகுத்த விதியின் கூர்மையைத் தாமே அனுபவிக்க நேரிடும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று.

செய்ய வேண்டியவை

கைக்கெட்டாத் தூரம் என்ற கொள்கை இச்சிக்கலுக்குத் தீர்வாக நெடுங்காலமாக முன்வைக்கப்பட்டு வருகின்றது. பணத்தை அரசு கொடுக்கும். யாருக்குக் கொடுப்பது என்பதை அரசியல்வாதிகள் அல்லாத குழுவொன்று தீர்மானிக்கும். பொருளியல் அறிஞர் ஜோன் மேனார்ட் கெயின்ஸின் முயற்சியினால் பிரித்தானியாவில் 1946இல் உருவான கலைக்கழகம் இக்கொள்கையின் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் தூரம் என்பது சட்டத்தில் எழுதப்பட்டால் மட்டும் போதாது; குழுவின் உறுப்பினரை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரிடமே இருந்தால் அத்தூரம் ஒரு கையெழுத்தின் தூரமே என்பதை ஸ்லோவாக்கியா காட்டியுள்ளது.

ஆகவே சில ஏற்பாடுகள் இன்றியமையாதவை என்பது எமது கருத்து. நிதியுதவி ஒரு தேர்தற் காலத்தைத் தாண்டும் வகையில் பல ஆண்டு ஒப்பந்தமாக அமைய வேண்டும். உதவி மறுக்கப்படும்போது காரணம் எழுத்தில் தரப்பட்டு, மேன்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். நிபுணர் குழுக்களின் நியமனத்தில் எதிர்க்கட்சிகளுக்கும் கலைஞர் அமைப்புகளுக்கும் பங்கு இருக்க வேண்டும். கட்டடமும் நிதியும் ஒரே அமைச்சின் கையில் இருப்பது தவிர்க்கப்பட வேண்டும். ஒரு கை வெட்டும்போது மறுகை பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அப்போதுதான் உண்டு. நிலையம் மூடப்பட நேரினும் அதன் சேகரிப்புக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்ட ஏற்பாடு வேண்டும். நிலையங்களும் தம் பங்குக்குச் சிலவற்றைச் செய்ய வேண்டியுள்ளது. சக கலைஞரும் அயலாரும் தமது நிலையம் என்று உரிமையுடன் சொல்லும் நிலைமையை அவை உருவாக்காவிட்டால், வெட்டு விழும் நாளில் கையெழுத்திட வெளிநாட்டு அறிஞர்கள் இருப்பர். வாசலில் வந்து நிற்க அயலவர் இருக்கமாட்டார்.

இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் சிக்கல்கள், எமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணுதல் கூடும். ஆனால் கலைக்கு அரசு கைகொடுப்பது எமக்குப் புதியதன்று. இலங்கைக் கலைக்கழகம் 1952ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்டது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு ஆகிய பகுதிகளின் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். கூத்துப் பிரதிகள் அச்சேறின. பேராதனையில் கர்ணன் போரும் இராவணேசனும் மேடையேறின. படித்தவர் பாராமுகமாயிருந்த ஒரு கலை மீண்டும் தலைநிமிர்ந்ததில் அந்தப் பொது நிதிக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று அதனைச் சந்தையின் பொறுப்பில் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதே நாட்டில் 1912ஆம் ஆண்டின் பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த தணிக்கை முறை நாடகப் பிரதிகளின் மீது கத்தரிக்கோலுடன் காத்திருந்தமையும் நாம் அறிந்ததே. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாயைப் பொத்துவது எந்த நாட்டுக்கும் உரிய தனிச் சொத்தன்று.

பப்ளிக் நெற்பேஸ் மூடப்பட்டு ஈராண்டுகளின் பின்னர், அதன் வரலாற்றை ஆவணப்படுத்தும் நூலொன்று 2008இல் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர்கள் வியன்னாவைச் சேர்ந்தவர்கள் அல்லர். சேர்பியாவின் நோவி சாட் நகரில் இயங்கிய இன்னொரு சிறிய ஊடகக் கலை நிலையத்தினரே அப்பணியைச் செய்தனர். போரையும் சர்வாதிகாரத்தையும் கண்ட ஒரு நாட்டின் கலைஞர்களுக்கு, செல்வந்த நகரமொன்று தொலைத்துவிட்ட பொருளின் பெறுமதி தெரிந்திருந்தது.

தன்னை இடித்துரைப்போருக்கும் இடமளிக்கும் அரசு அதனால் நலிவடைந்ததாக வரலாறு இல்லை. புகழ்ந்துரைப்போருக்கு மட்டும் படியளந்த அரசுகளோ, தமது காலடியில் நிலம் நழுவுவதைக் கடைசிவரை அறியாமலே போயின. கலைக்கு வழங்கப்படும் பொது நிதி ஆட்சியாளர் இடும் பிச்சையன்று. மக்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வதற்காக வாங்கி வைத்திருக்கும் கண்ணாடி. அதில் தெரியும் முகம் அழகாக இல்லை என்பதற்காகக் கண்ணாடியை உடைக்கும் உரிமையை எந்தத் தேர்தலும் எந்த அரசாங்கத்துக்கும் வழங்குவதில்லை.